ஐந்தரை மணி நேர நஷ்டம்

டிசம்பர் மாதத்து விடியற்காலையில் கோவாவின் டபோலிம் விமான நிலைய வாயிலில் சற்று நின்று பாருங்கள். லண்டனிலிருந்து பத்து மணி நேரம் முழங்காலை மோவாய்க்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்து வந்த களைப்போடு, ஊர்க் குளிருக்கு அஞ்சிப் போட்டு வந்த கம்பளிக் கோட்டு கையிலும், விமானத்திலேயே மாற்றிக்கொண்ட ரப்பர் செருப்பு காலிலுமாக, வெளியே வந்ததும் கடல் எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேளாமல் வாடகைக் கார்க் கட்டணப் பலகை எங்கே இருக்கிறது என்று கேட்கிற ஓர் ஆங்கிலேயரைத் தவறாமல் காண்பீர்கள். அவருக்கு நான் சிக்கனச் சுகவாசி என்று நாமகரணம் செய்திருக்கிறேன்.

அங்கிருந்து காண்டோலிம் கடற்கரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கட்டணத்தை வாசித்து, நூறால் வகுத்துப் பவுண்டாக்கி, தம் ஊரில் அந்தத் தொகைக்கு டாக்சிக்காரன் கதவைக்கூடத் திறக்கமாட்டான் என்று கண்டு பரம திருப்தி அடைந்த பிறகும், அதோடு நில்லாமல் பஸ்ஸில் போனால் எவ்வளவு என்று விசாரிப்பதே இந்த ரகத்தாரின் விசேஷ லட்சணம். காண்டோலிமில் நான் தங்கியிருந்த விடுதிக்கு வந்த பிரகிருதி, வாஸ்கோவிலும் பணஜியிலும் வண்டி மாறி, பெட்டியை மடியில் இருத்திக்கொண்டு வந்து இறங்கும்போது மணி பத்தாகிவிட்டது. மிச்சம் பிடித்த தொகையைக் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னார். வழியில் சுவாரி, மாண்டவி என்ற இரண்டு அழகிய நதிகளைப் பாலத்தின்மேல் கடந்து வந்தாரல்லவா, எப்படி இருந்தன என்றேன். அந்தச் சமயத்தில் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தாராம்.

மழைக்காலம் கழிந்ததும் மூங்கிலும் ஓலையுமாக எழும்பி, அடுத்த மழைக்கு முன் பிரித்து அடுக்கப்பட்டுவிடும் சிற்றுண்டிக் கொட்டகைகள் அந்தக் கடற்கரை நெடுகிலும் உண்டு, 'ஷாக்' என்பார்கள். ஏதாவது வாங்கிச் சாப்பிடுகிறவர்களிடம் சாய்வுப் படுக்கைக்குத் தனியே வாடகை அநேகமாகக் கேட்பதில்லை. இந்தத் தர்மத்தை வந்த ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்ட நம்மவர், ஒரே ஓர் எலுமிச்சை சோடா வாங்கி, ஈ விழாமல் மேலே ஒரு தட்டை மூடி, பதினொரு மணியிலிருந்து சூரியாஸ்தமனம் வரை அதைக் குறையாமல் வைத்துக் காப்பாற்றியதைப் பார்த்தபோது, திரௌபதியின் அட்சய பாத்திரம்கூட இவ்வளவு நேரம் தாக்குப்பிடித்திருக்குமா என்ற சந்தேகம் எனக்கு வந்தது. ஆனால் பிரயாணக் களைப்பு சிக்கனம் அறியாது. ஒரே பக்கமாகப் புரண்டு படுத்து அவர் தூங்கிவிட்டதால், மாலையில் எழுந்து நின்றபோது இடப்பாகம் செவேலென்றும் வலப்பாகம் வெளேரென்றும் அர்த்தநாரீசுவரர் போலக் காட்சி தந்தார். களிம்பு வைத்திருந்தார், பாதி உடம்புக்குத்தான் செலவாயிற்று.

அவருடைய கைக்கடிகாரத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அது தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தது. குளிர்காலத்தில் அவர் ஊருக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அங்கே ஒன்பது மணி காட்டுகிற முள்களைத் தலைகீழாகப் பார்த்தால் நம் இரண்டரை மணியாகத் தெரியும். திருகாணியைத் திருப்பித் தேய்க்காமலே இரண்டு தேசத்து நேரத்தையும் ஒரே கடிகாரத்தில் பெற்றுவிட்ட பெருமிதம் அவருக்கு. நானும் என் கடிகாரத்தை ரகசியமாகத் திருப்பிப் பார்த்தேன், உண்மைதான்.

அன்றிரவு மூன்று மணிக்குத் தாழ்வாரத்தில் ஏதோ சலசலப்புக் கேட்டு எழுந்து வந்தேன். ஊர் நேரத்தை விடாத உடம்போடு அவர் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, தாம் கொண்டுவந்த சின்ன மின்கெண்டியில் வெந்நீர் வைத்து, தாம் கொண்டுவந்த தேயிலைப் பையை நூலால் பிடித்துக் கோப்பையில் முக்கிக்கொண்டிருந்தார்.

"வருகிற வழியில் ஐந்தரை மணி நேரம் நஷ்டமாகிவிட்டது, ஐயா," என்றார் வருத்தத்தோடு. பிறகு முகம் மலர்ந்து, "திரும்பிப் போகும்போது முழுவதும் கைக்கு வந்துவிடும்," என்றார்.

அதே பையை இரண்டாவது கோப்பையிலும் முக்கி எனக்கு நீட்டினார். சர்க்கரை எடுக்க நான் என் அறைக்குப் போனேன்.