சொந்தக் கையால் ஆயில் மாற்றுபவர்

காரின் எஞ்சின் ஆயிலை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்பவர் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய ஆண். வங்கி, கல்லூரி, கணினி நிறுவனம் என்று கையில் கறை படாத உத்தியோகத்தில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், ஏதாவது ஒரு வண்டியின் அடியிலிருந்து கைலி கட்டிய இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அவை இவருடையவை.

சிக்கனத்துக்காகச் செய்கிறார் என்று அக்கம்பக்கத்தார் நினைக்கிறார்கள். இது தவறு. சர்வீஸ் சென்டருக்குப் போகாததால் மிச்சமாவது சில நூறு ரூபாய்க் கூலிதான். அதை மிச்சம் பிடிக்க இவர் வாங்கிப்போட்ட ஜாக்கி, ஸ்டாண்டு, பாக்ஸ் ஸ்பேனர் செட், ஃபில்டர் கழற்றும் பெல்ட் ஆகியவற்றின் விலை அடுத்த கார் வாங்கும்வரை வசூலாகாது. இவரை ஆட்டிவைப்பது சந்தேகம். “ஆயிலை மாத்தினானா, இல்ல பில்லை மட்டும் போட்டானா?” என்ற ஒற்றைக் கேள்வியிலிருந்து பிறந்தவர் இவர்.

கேள்வி பிறக்கும் இடம் சர்வீஸ் சென்டரின் குளிரூட்டப்பட்ட காத்திருப்பு அறை. கையில் காபிக் குவளையைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, காரை உள்ளே கொண்டுபோகிறார்கள். மாலையில் அது கழுவித் துடைத்து, கால் வைக்கும் இடத்தில் காகிதம் விரித்துத் திரும்பி வருகிறது. நான்கு நாள் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறார். ஆயில் கன்னங்கரேல் என்று இருக்கிறது. அந்த வண்டி டீசல் வண்டி. டீசல் எரியும்போது வரும் புகைக்கரி, ஊற்றிய ஆயிலைச் சில நாளிலேயே கறுக்கவைத்துவிடும், கறுத்தால்தான் அது கரியைச் சுமந்து தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். இதெல்லாம் அப்போது இவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த வகை மனிதர்களில் பாதிப்பேர் உருவாகியே இருக்கமாட்டார்கள்.

முதல் கட்டம் ஆயிலைத் தேர்ந்தெடுப்பது. காரோடு வந்த கையேட்டில் எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்று அச்சாகியிருக்கும். சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சுமார் மூன்று லிட்டர். 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால், முதல் எண் குளிரில் எஞ்சினைக் கிளப்பும்போது ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், இரண்டாம் எண் எஞ்சின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கும். இதை இவர் படித்துத் தெளிந்திருக்கும் வேளையில் சகலை வந்து சேருவார். “சகலை, நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் வெறும் தண்ணி. 20-50 ஊத்துங்க, வண்டி கும்முன்னு போகும்.” வேலூர் வெயில் நாற்பது டிகிரி; ஓடும் எஞ்சினுக்குள் ஆயிலின் சூடு நூறு டிகிரியை ஒட்டி. ஊட்டியில் ஓடினாலும் ஏறக்குறைய அதே நூறுதான். மெல்லிய ஆயிலுக்கென்று இடைவெளி குறைத்துச் செய்யப்பட்ட இன்றைய எஞ்சின்களில் கெட்டி ஆயில் மேலே ஏறிச் சேரவே தாமதமாகும். ஆனாலும் சகலையின் பேச்சைத் தட்டமுடியாமல் இரண்டு ரகத்தையும் கலந்து ஊற்றிச் சமரசம் கண்டவர்கள் உண்டு.

இனி முறைகள். பழையதும் பரவலானதும் காரின் அடியில் படுத்து ஆயில் சேம்பரின் நட்டைக் கழற்றும் முறை. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். வெதுவெதுப்பான ஆயில்தான் அழுக்கையும் சேர்த்து அள்ளிக்கொண்டு இறங்கும். பிறகு கை பிரேக், முதல் கியர், பின்சக்கரத்துக்கு அண்டைக்கல், ஜாக்கி. இந்த இடத்தில் மட்டும் சிரிக்க ஒன்றுமில்லை. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு. அதை நம்பி அடியில் படுப்பது உயிரைப் பணயம் வைப்பது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதைவிட மோசம். கீறல்கூடக் காட்டாமல் பொசுக்கென்று நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு வேண்டும், அல்லது சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் சரிவுமேடை வேண்டும். நல்லவேளையாக, சந்தேகப் பேர்வழியான இவர் ஜாக்கியையும் சந்தேகிக்கிறார். ஸ்டாண்டு போட்ட பிறகும் கழற்றிய ஸ்டெப்னியை வண்டிக்கடியில் தள்ளிவைக்கிறார்.

படுத்தபின் முதல் பிரச்சினை திசை. மல்லாந்து கிடந்து தலைக்குமேல் இருக்கும் நட்டைத் திருகும்போது இடம் எது வலம் எது என்பது குழம்பிப்போகிறது. “சார், அந்தப் பக்கம் சார்” என்று வாட்ச்மேன் குனிந்து சொல்வார். அவர் சொல்வது சரியாக இருக்கும் என்பதாலேயே இவர் மறுபக்கம் திருகுவார். நட்டு இளகியதும் விரலால் சுற்ற வேண்டும். கடைசி மரை விடுபடும் கணத்தில் சூடான ஆயில் முழங்கை வழியே அக்குளை நோக்கி இறங்க, நட்டு கைநழுவி ஆயிலோடு ஆயிலாய்ப் பேசினுக்குள் மூழ்கும். அந்தப் பேசின் மாவு கரைக்க வாங்கியது; அதன் கதி வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. முதலில் ஆயில் நேராக விழாது, வளைந்து பாயும். பேசினைத் தள்ளிவைத்துப் பிடித்தால், சேம்பரில் மட்டம் குறையக் குறைய அந்த வளைவு சுருங்கிப் பின்வாங்கி, வைத்திருந்த பழைய இடத்திலேயே கொட்டும். இந்தத் துரத்தலின் வரைபடத்தை அந்த அடுக்ககத்தின் சிமெண்டுத் தரையில் இன்றும் காணலாம்.

ஃபில்டருக்குத் தனி உபாயங்கள் உள்ளன. கையால் கழன்றால் பாக்கியம். கழலாவிட்டால் உப்புத்தாள் சுற்றிப் பிடிப்பவர், பெல்ட் மாட்டுபவர், ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே குத்தி நெம்புபவர் என்று மூன்று மதம். மூன்றாம் மதத்தார் குத்தியது ஃபில்டரைத்தான் என்றாலும் நனைவது தங்கள் சட்டைதான். புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையாலேயே இறுக்கினால் போதும். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது முக்கியம். இரண்டு வளையம் சேர்ந்தால், வண்டியைக் கிளப்பிய சில விநாடியில் புது ஆயில் அத்தனையும் தரையில் இருக்கும்.

சேம்பர் நட்டுக்குப் புது வாஷர் போட்டு அளவோடு இறுக்க வேண்டும். அளவு என்ற சொல்தான் இவருக்கு ஆகாதது. ‘இன்னும் ஒரு கால் சுற்று’ என்று கொடுக்கும் அந்தக் கால் சுற்றில்தான் அலுமினியச் சேம்பர்களின் மரை போகிறது. போன மரையைச் சரிசெய்ய லேத் பட்டறைக்கு அழும் தொகையில் பல ஆண்டுகளுக்கு ஆயில் மாற்றியிருக்கலாம்.

இரண்டாவது முறை உறிஞ்சும் முறை. டிப்ஸ்டிக் போகும் துளையில் மெல்லிய குழாயை இறக்கி, கைப்பம்பாலோ பேட்டரியில் ஓடும் மோட்டாராலோ ஆயிலை மேலேயே இழுத்துவிடலாம். ஆயில் ஃபில்டரும் மேலேயே இருக்கும் சில ஐரோப்பியக் கார்களுக்கு இது மெத்தப் பொருத்தம். இம்முறையைக் கைக்கொள்பவர் சட்டை கசங்காமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். முதல் முறைக்காரர்களால் மெக்கானிக்காகவே மதிக்கப்படமாட்டார். அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. குழாயின் நுனி சேம்பரின் தாழ்ந்த மூலையை எட்டாத வண்டிகளில் அடிமண்டி அங்கேயே தங்கிவிடும். டிப்ஸ்டிக் துளையே இல்லாத வண்டிகளுக்கோ இது உதவவே உதவாது.

மூன்றாம் வகையினர் ஆயிலை மாற்றுவதே இல்லை. குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். “அதான் புதுசு ஊத்திட்டே இருக்கோமே” என்பது இவர்களின் சித்தாந்தம். ஃபில்டரை மட்டும் மாற்றாமல் விடுபவர்களும் இவர்களின் பங்காளிகளே; பழைய ஃபில்டருக்குள் நிற்கும் கறுப்பு ஆயில் புதியதோடு போய்க் கலக்கும்.

எந்த முறையானாலும் ஊற்றும் கட்டம் ஒன்றுதான். வாட்டர் பாட்டிலின் கழுத்தை அறுத்துப் புனலாக்கி, கையேடு சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல்கோட்டை ஒட்டி நின்றால் சரி. மேல்கோட்டையும் தாண்டினால் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரை எதற்கும் உதவாது. ‘கூட இருந்தா நல்லதுதானே’ என்பது விருந்துக்குப் பொருந்தும், சேம்பருக்குப் பொருந்தாது. காலி டப்பாவை இவர் அப்படியே குப்பையில் போடமாட்டார். கத்தியால் கிழித்துவிட்டுத்தான் போடுவார். போலி ஆயில் அடைத்து விற்பவன் கையில் அது சிக்கக்கூடாது. இவருடைய சந்தேகங்களில் முழு நியாயமுள்ளது இதுவே.

அன்றிரவு வண்டிக்கடியில் அட்டை விரிக்கப்படும். மறுநாள் பல் தேய்ப்பதற்கு முன்பே இவர் டார்ச்சோடு அட்டையைப் பரிசோதிப்பதைப் பால்காரர் பார்த்திருக்கிறார். நான்கு நாள் கழித்து டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் கன்னங்கரேல் என்று இருக்கும். தம் கையால் ஊற்றிய ஆயில் என்பதால் இம்முறை சர்வீஸ் சென்டரைச் சொல்ல வழியில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆயில் விற்ற கடைக்காரரைச் சந்தேகிக்கத் தொடங்குவார்.

இத்தனைக்கும் இவருடைய எஞ்சின் நன்றாகவே ஓடும். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று கையேடு சொன்னால் ஒன்பதாயிரத்திலேயே மாற்றி, தேதியோடு டைரியில் எழுதிவைப்பவரின் வண்டி கெட்டுப்போக வழியில்லை. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியை மட்டும் இவர் தொடாமல் இருப்பது நல்லது. டைரிக் குறிப்பைப் பில்லாக எந்த நிறுவனமும் ஏற்பதில்லை.

மிஞ்சுவது பேசினில் நிற்கும் மூன்று லிட்டர் கழிவு ஆயில். கேட்டுக் கீலுக்கு, கரையான் புற்றுக்கு, சென்ட்ரிங் பலகைக்கு என்று அதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். யாருக்கும் தெரியாமல் சாக்கடைக்குள் விடுபவர்களும் உண்டு. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இது அபாயகரக் கழிவு. மண்ணிலும் நீரிலும் விடக்கூடாதது. சுத்திகரித்து மறுபடி ஆயிலாக்கவும் முடியும். தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் மூடியுள்ள கேனில் பிடித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கழிவு ஆயில் கொடுக்கும் ஒர்க்‌ஷாப் எது என்று விசாரித்து அங்கே சேர்த்துவிடுங்கள். பேசினை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.