சிறுத்தது கார், பெருத்தது வேலை

ஸ்போர்ட்ஸ் காரை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் வேலையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்று கணக்குப் போடுகிறவர், லேத் பட்டறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். கார் சிறுக்கச் சிறுக்க வேலை பெருக்கும் என்பதே உண்மை. அதற்குப் பிரான்ஸைச் சேர்ந்த பியேர் ஸ்கெரி சாட்சி. ஃபெராரி 312 பிபி என்ற பந்தயக் கார் 1972இல், தான் இறங்கிய உலக சாம்பியன்ஷிப் பந்தயங்கள் பத்திலும் வென்றது. அதை மூன்றில் ஒரு பங்கு அளவில், ஓடுகிற எஞ்சினோடு செய்து முடிக்க ஸ்கெரிக்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் பிடித்தன. அசல் ஒரே ஆண்டில் பத்து வெற்றிகளை அள்ளிக்கொண்டு 1973இலேயே ஓய்வும் பெற்றுவிட்டது. நகலோ முதல் உறுமலுக்கே அத்தனை காலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தது.

இந்தத் தாமதத்துக்குச் செய்தவரின் சோம்பல் காரணமில்லை. நீளம் மூன்றில் ஒன்றானால் பரப்பு 9இல் ஒன்று, கொள்ளளவு 27இல் ஒன்று. அசலின் 3 லிட்டர் எஞ்சின் சுமார் 110 சிசிக்கு இறங்கிவிடும். சாதாரண மோட்டார் பைக்கின் ஒற்றை சிலிண்டருக்கு உரிய அளவு அது. அதைப் பன்னிரண்டு சிலிண்டர்கள், பாகப்பிரிவினையில் வயலைக் கூறுபோடும் அண்ணன் தம்பிகளைப் போல, தலைக்கு ஒன்பது சிசியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சிலிண்டர் சின்னதாக ஆக, கொள்ளளவுக்குச் சுவர்ப்பரப்பு மிஞ்சிவிடும். எரிகிற வெப்பத்தில் பெரும்பங்கைச் சுவரே விழுங்கும். தகட்டுக்கும் இதே தொல்லை. 1 மி.மீ. தகட்டைப் பன்னிரண்டில் ஒரு பங்கு மாடலுக்கு யோக்கியமாகச் சுருக்கினால் 0.08 மி.மீ. வரும், அதில் செய்த கதவைத் துடைத்தாலே பள்ளம் விழும். ஆகவே தடிமனான தகட்டை எடுத்து, கண்ணில் படும் ஓரங்களை மட்டும் அரத்தால் ராவி மெலிதாக்குவார்கள். உண்மையாகத் தெரிவதற்கு இவ்வளவு பித்தலாட்டம் தேவைப்படுகிறது.

உலோகத்தை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கில் செய்தால் என்ன, பெயின்ட் அடித்த பிறகு யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். கண்ணாடி அலமாரியோடு நின்றால் தெரியாதுதான். எஞ்சினை ஓடவிட்டால் பிளாஸ்டிக்கே உருகி வாக்குமூலம் கொடுத்துவிடும். மேலும், பித்தளைத் தகடு தட்டத் தட்ட இறுகும். சூடுகாட்டினால் மறுபடி இளகும். பிசகிய வளைவை மரஅச்சின் மேல் வைத்து மீண்டும் தட்டலாம். பல்லாண்டு வேலைக்கு மன்னிக்கத் தெரிந்த பொருள்தான் சரிப்படும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஏறி உட்கார முடியாத கார் எதற்கு? 2018இல் ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ அமெரிக்காவில் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதில் தாராளமாக ஏறி உட்காரலாம். ஆனால் அந்த விலைக்கு வாங்கியதைச் சந்தையோரம் நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கப் போக யாருக்கு மனம் வரும்? ஒரு கீறல் விழுந்தால் கார்க்காரருக்கு நெஞ்சடைக்கும். மாடல்காரருக்கு அந்தப் பயம் இல்லை. ஒவ்வொரு திருகும் அவர் கடைந்தது, உடைந்தால் இன்னொன்று கடைந்துகொள்வார். பெருத்துப்போன அந்த வேலைதான் அவர் கையிலுள்ள உரிமைப் பத்திரம். கோடிகளைக் கொட்டியவருக்குக் கிடைத்தது காவலாளி உத்தியோகம். மாடலில் ஏறி வீடு திரும்ப முடியாது என்பது மெய். ஆனால் அதைச் செய்கிறவர் இத்தனை ஆண்டுகளாக வீட்டைவிட்டு எங்கே போனார், திரும்பி வருவதற்கு?