நாலு பேர், ஒரு கணையம், ஓயாத சண்டை

இது இங்கிலாந்து லண்டன் அல்ல, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன். 1920 ஜூலையில் அங்கே போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்த டாக்டர் ஃப்ரெடெரிக் பாண்டிங்கின் முதல் மாத வருமானம் 4 டாலர். ஈ ஓட்டிய நேரம் போக, உள்ளூர்க் கல்லூரியில் பாடமும் எடுத்தார். அக்டோபர் 31 அதிகாலை 2 மணிக்குத் தூக்கம் வராமல் எழுந்து, நாயின் கணையக் குழாயைக் கட்டிவைத்தால் செரிமானச் சுரப்பிகள் வாடிவிடும், மிஞ்சும் திட்டுகளிலிருந்து சர்க்கரை நோய்க்கு மருந்தைப் பிழிந்துவிடலாம் என்று 25 சொல்லில் குறித்துவைத்தார். அதில் ‘டயாபடீஸ்’ எழுத்துப்பிழையோடு இருந்தது. சர்க்கரை நோயை ஒழிக்க வந்தவருக்கு அதன் பெயரே சரியாக எழுத வரவில்லை.

டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்லியோட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உடலியங்கியல் பேராசிரியர். இந்தத் துறையில் கரைகண்டவர். யோசனையோடு வந்து நின்ற பாண்டிங் சொன்னதைக் கேட்டு முதலில் முகம் சுளித்தார். கடைசியில், போனால் போகிறதென்று ஓர் அழுக்கு ஆய்வகத்தையும் 10 நாய்களையும் கொடுத்தார். உதவிக்கு இரண்டு மாணவர்கள். யார் முதலில் என்று காசு சுண்டினார்களாம், சார்லஸ் பெஸ்டுக்கு விழுந்தது. 1921 மே மாதம் இருவரும் தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். மெக்லியோட் கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கப்பலேறிவிட்டார். கைடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நாய்கள் மளமளவென்று செத்தன. குழாயைக் கட்டிய நூல் உள்ளே கரைந்துபோக, மறுபடி வயிற்றைக் கிழித்துப் பட்டுநூலால் கட்டினார்கள். நாய் தீர்ந்ததும் தெருவில் 1 டாலர், 3 டாலர் என்று கேள்வி கேட்காமல் வாங்கினார்கள். செலவுக்குப் பாண்டிங் தன் காரை விற்றார். ஜூலை 30-ஆம் தேதி 410-ஆம் எண் நாய்க்குக் கணையச் சாற்றை ஏற்றினார்கள். இரத்தச் சர்க்கரை இறங்கியது.

இங்கேதான் வேடிக்கை. அதிகாலை 2 மணி ஞானோதயம் தேவையே இல்லை என்று பிறகு தெரிந்தது. கசாப்புக்கூடத்து மாட்டுக் கணையத்தை அப்படியே அமிலம் சேர்த்த ஆல்கஹாலில் ஊறவைத்தாலே போதும், சரக்கு வந்துவிடும். குழாய் கட்டிய பாடெல்லாம் வீண்.

ஆனால் வந்த சரக்கு சகதி மாதிரி இருந்தது. சுத்தம் செய்ய டிசம்பரில் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் சேர்ந்தார். 1922 ஜனவரி 11-ஆம் தேதி, எலும்பும் தோலுமாக டொரோண்டோ பொது மருத்துவமனையில் கிடந்த 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு, காலிப்பை முந்திக்கொண்டு பாண்டிங்கும் பெஸ்டும் தயாரித்ததையே ஏற்றினார்கள். ஊசி போட்ட இடம் வீங்கியதுதான் மிச்சம். 23-ஆம் தேதி காலிப் சுத்தம் செய்த மருந்து, அதாவது இன்சுலின், உள்ளே போனது. சர்க்கரை சரசரவென்று இறங்கியது.

காலிப்புக்குத் தலை கனத்தது. செய்முறையைச் சொல்ல மாட்டேன் என்றார். பாண்டிங் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பெஸ்ட் நடுவில் விழுந்து விலக்கினார். மனிதகுலத்தைக் காக்கும் ஆய்வகத்தில் குழாயடிச் சண்டை! தெய்வம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது போலும். சில வாரங்களில் பெரிய அளவில் தயாரிக்கப் போனபோது காலிப்புக்கே பக்குவம் கைகூடவில்லை. நோயாளிகள் காத்திருக்க, மருந்து கொஞ்சநாள் இல்லாமலே போனது. பிறகு எப்படியோ மீட்டார்கள்.

ஒன்றில் மட்டும் இந்த முரடர்கள் கனவான்கள். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு 1 டாலருக்குக் கொடுத்தார்கள். இன்று இன்சுலின் பில்லைப் பார்ப்பவர்கள் அந்த டாலரை நினைத்துப் பெருமூச்சு விடலாம்.

1923 நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் என்று சேதி வந்தது. கோடை விடுமுறைக்குப் போனவருக்குப் பரிசா என்று பாண்டிங் கொதித்துத் தன் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். சும்மா இருப்பாரா மெக்லியோட்? தன் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். இவர்கள் ஆராய்ந்த அதே 1921-இல் இதே மாதிரிச் சாற்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டிருந்த ருமேனியாவின் பவுலெஸ்குவுக்குக் கால் பங்குகூடக் கிடையாது.

நவம்பர் 14 பாண்டிங்கின் பிறந்தநாள். உலக நீரிழிவு தினமும் அதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளை ‘இன்சுலினைக் கண்டுபிடித்தவர் பாண்டிங்’ என்று எழுதினால் அரை மார்க் மட்டும் போடுங்கள்.