தொம்மலூர்ப் பேனாக்கத்திகளின் மெய்க்கீர்த்தி: ஓர் அலகியல் ஆய்வு

பெங்களூரு தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளுக்கு உரிய மரியாதை கிடைத்துவிட்டது. போசள வீர இராமநாதன் காலத்து 13ஆம் நூற்றாண்டு எழுத்துகள் படியெடுக்கப்பட்டு, வரிசை எண் பெற்று, பி.எல். ரைஸ் பதிப்பித்த எபிகிராஃபியா கர்நாடிகாவில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்தார் என்பதுகூட உலகுக்குத் தெரியும். அதே ஊரில், பழைய விமான நிலையச் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், வீட்டு மேசை இழுப்பறைகளில் மை தீர்ந்த பேனாவோடும் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவியோடும் கிடக்கிற பேனாக்கத்திகளின் எழுத்தை மட்டும் எந்தப் பல்கலைக்கழகமும் படியெடுக்க முன்வரவில்லை. பாட்டனார் வைத்திருந்தது என்ற ஒரே தகுதியில் அவை தலைமுறை தாண்டி வந்துவிட்டன. கேட்டால் “ஜெர்மன் எஃகு” என்பார்கள், ஆதாரம் கேட்டால் அலகில் எழுதியிருக்கிறதே என்பார்கள். இந்த ஆதாரம் செல்லுமா என்பதே நம் ஆய்வுப் பொருள்.

செல்லாது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அலகின் அடியில், மடக்கும் ஆணிக்குச் சற்று மேலே பொறித்திருப்பது ஒரு மெய்க்கீர்த்தி. மெய்க்கீர்த்தியை வைத்து அரசன் ஆண்ட காலத்தைக் கணக்கிடலாம். அவன் வென்றதாகச் சொல்லும் நாடுகளையெல்லாம் நம்பினால் வரைபடத்தில் இடம் போதாது. கத்தியின் முத்திரையும் காலத்தைக் காட்டும், எஃகைக் காட்டாது. எஃகுக்குச் சாட்சி எலுமிச்சம்பழம்.

காலத்தை முதலில் பார்ப்போம். ஷெஃபீல்டு ஜோசப் ராட்ஜர்ஸ் கத்தியில் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் இருக்கும். அத்துடன் கிரீடமும், அதற்கு இருபுறம் ‘வி’, ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் விக்டோரியா மகாராணி காலம், அதாவது 1901க்குப் பிந்தாது. ‘ஜி’, ‘ஆர்’ என்றால் ஜார்ஜ் மன்னர்களில் ஒருவர். எந்த ஜார்ஜ் என்பதில்தான் சிக்கல்: நான்காமவர் 1830இல் காலமானார், ஐந்தாமவர் 1910இல் பட்டத்துக்கு வந்தார், விற்கிறவர் எப்போதும் நான்காமவர் கட்சி. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது, எனவே 1930களில் தாத்தா கையோடு ரங்கூன் போய்வந்த கத்தி அதுவாக இருக்க முடியாது. (குடும்ப அமைதி கருதி இந்த முடிவை வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில் வெளியிடாதிருப்பது நலம்.) வஜீராபாத் என்ற ஊர்ப் பெயருடன் பாகிஸ்தான் என்றும் பொறித்திருந்தால் 1947க்கு முன்னால் போக வழியில்லை. அகன்ற அம்புக்குறி இருந்தால் அரசாங்கச் சொத்து, அதன் கீழே ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால் இந்திய அரசாங்கச் சொத்து. அல்சூரில் மதராஸ் சாப்பர்ஸ் படை இருக்கிற ஊரில் அந்த அம்பு எந்த வழியாக வீட்டு இழுப்பறைக்குள் பாய்ந்தது என்று ஆய்வாளர் கேட்பது முறையன்று. காலக்கணிப்பில் அறவே சிரமம் தராதது ராட்ஜர்ஸ் 1822இல் செய்த ‘ஆண்டுக்கத்தி’ ஒன்றுதான். அந்த ஆண்டுக்கு 1822 அலகுகள், பிற்பாடு ஆண்டுகள் கூடக்கூட அலகும் கூடியது. எண்ணப் பொறுமை இருந்தால் போதும். சட்டைப்பைக்கு மட்டும் தனியாகத் தையற்காரரைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ‘ரோஸ்ட்ஃப்ரை’, ‘இனாக்ஸ்’, ‘ஸ்டெயின்லெஸ்’ என்றெல்லாம் பொறித்திருக்கிறதே, அவை எஃகைத்தானே சொல்கின்றன? ‘ரோஸ்ட்ஃப்ரை கம்பெனி சார், ஜெர்மன்காரன்’ என்று முதலாளியின் பெயராகவே அதைக் கொள்ளும் பிரிவினரும் உண்டு. அவர்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். மற்றவர்களுக்குப் பதில் இது: அச்சொற்கள் துருவேறாது என்ற ஒரு குணத்தை மட்டுமே சொல்கின்றன. எஃகில் குரோமியம் ஏறக்குறைய 10.5 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தக் குணம் வந்துவிடும். கரிமம் எவ்வளவு, பதம் எப்படி, முனை எத்தனை நாள் நிற்கும் என்பதில் முத்திரை வாயே திறப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், எஃகைச் சொல்லவந்த இந்தச் சொற்களும் கடைசியில் காலத்தையே சொல்லிவிட்டுப் போகின்றன. ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் துருவேறா எஃகை வார்த்தது 1913இல். சுவிஸ் நாட்டு எல்சனர் குடும்பம் தன் ‘விக்டோரியா’ பெயரோடு ‘இனாக்ஸ்’ சேர்த்து விக்டோரினாக்ஸ் ஆனது 1921இல். சிக்பேட்டை ஞாயிறு சந்தையில் ‘ரோஸ்ட்ஃப்ரை’ என்று பளிச்சென்று எழுதிய கத்தியைத் திப்பு சுல்தான் காலத்தது என்று ஒருவர் நீட்டினால், 1799இல் மறைந்த சுல்தான் நூற்றுச் சொச்சம் ஆண்டு முன்கூட்டியே வாங்கிவைத்தார் என்று கொள்ள வேண்டியிருக்கும்.

ஆகவே எஃகை அலகிடமே கேட்க வேண்டும். எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், கார்பன் எஃகில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் விழுந்திருக்கும். துருவேறா எஃகு எதுவும் நடக்காததுபோல் இருக்கும். இதில் ஐரோப்பிய மேதைமை ஏதுமில்லை. இரும்பு அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கினால் மணையும் விரலும் கறுப்பது ஏன் என்று அறிந்தவர்களுக்கு இந்த வேதியியல் பாதி பாடம். வாழைப்பூவின் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கறுக்கின்றன. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் செய்ததும் அதுவே. ஆனால் முலாம் பூசிய கத்தி இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்குச் சாற்றை அலகின் நடுவில் விடாமல் விளிம்பில் விட வேண்டும். சாணை பிடித்த இடத்தில் முலாம் நிற்காது. முகம் வெள்ளையாகவும் விளிம்பு மட்டும் கறுப்பாகவும் இருந்தால் உள்ளே இருப்பது வேறு ஆள்.

காந்தக் கட்சியினரின் ஆட்சேபம் அவ்வளவு நியாயமானதல்ல. பாத்திரக்கடைக்குக் கைப்பையில் காந்தம் கொண்டுபோய், ஒட்டாத டவராவே நல்ல எவர்சில்வர் என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் அதே காந்தத்தைக் கத்தியிடமும் காட்டுகிறார்கள். டவராவின் எஃகில் நிக்கல் இருப்பதால் காந்தம் ஒட்டுவதில்லை. கத்தியைக் காய்ச்சித் தோய்த்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அப்படிக் கெட்டிப்படும் துருவேறா எஃகில் காந்தம் நன்றாகவே ஒட்டும், கார்பன் எஃகிலும் ஒட்டும். காந்தத்தால் நிறுவ முடிவது கத்தி பித்தளையால் ஆனதல்ல என்பதைத்தான். தெருவில் சைக்கிளை நிறுத்தி மிதிக்கும் சாணைக்காரரின் சாட்சியம் இதைவிட உயர்ந்தது: கார்பன் எஃகின் பொறி மத்தாப்பாய்க் கிளைவிட்டுச் சிதறும், துருவேறா எஃகின் பொறி குட்டையாய்ச் செம்மஞ்சளாய் அடங்கும். ஆனால் அவர் பழக்கதோஷத்தில் அலகு முழுவதையும் பளபளவென்று தீட்டிக் கொடுத்துவிடுவார், முத்திரையும் அதோடு போய்விடும். திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின்மேல் வண்ணம் அடிக்கிற பக்தர்களை நாம் மன்னிக்கவில்லையா?

எலுமிச்சை குலத்தைச் சொல்லிவிட்டது, கோத்திரத்தையும் சொல்லுமா என்று கடைசியாகக் கேட்பார்கள். அதாவது கரிமம் எத்தனை விழுக்காடு, எந்த ரகம் என்று. சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடத்தில் அலகின் ஒரு புள்ளியைச் சுட்டு நிறமாலை பார்க்க வேண்டும். இதற்காக யாரும் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. மைக்கேல் ஃபாரடேயே 1819இல் நம் நாட்டு உருக்கை லண்டனில் சோதித்து, அதன் சிறப்புக்கு அலுமினா முதலிய மண்பொருள்களைக் காரணமாகச் சொன்னார். காரணம் மிகுந்த கரிமம் என்பது பிற்பாடு தெளிந்தது. ஃபாரடேக்கே பிசகிய இடத்தில் தொம்மலூர் ஆய்வாளர் ‘கார்பன் ரகம், துருப்பிடிக்கும்’ என்று எழுதிக்கொண்டு நிறுத்திவிடலாம். எழுதிய கையோடு சாற்றைக் கழுவித் துடைத்து, மடக்கும் ஆணியில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆய்வாளர் கத்தியைத் திறக்க இன்னொரு கத்தி தேட வேண்டிவரும்.