பரண் மேல் ஒரு டேட்டா சென்டர்

அம்பத்தூர் என்றால் ஒரு காலத்தில் சைக்கிள், லேத், கிரீஸ் வாடை. டிஐ சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கிய ஊர். இப்போது என்டிடி மாதிரி ஆட்கள் இங்கே டேட்டா சென்டரே கட்டியிருக்கிறார்கள். அந்தக் காற்று பட்டதோ என்னவோ, வீட்டிலும் ஒன்று வைத்தால் என்ன என்று எனக்குப் புத்தி போனது.

ரிச்சி தெருவுக்குப் போய், வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல் சேமித்துவைக்கும் நாஸ் பெட்டி ஒன்று, நாலு ஹார்டு டிஸ்க், இரண்டு எஸ்எஸ்டி வாங்கிவந்து பரணில் ஏற்றினேன். அவசியமே இல்லாமல் 'டியரிங்' போட்டேன். அஞ்சறைப்பெட்டி அடுப்பங்கரையில், பொங்கல் பானை பரணில் என்று வீட்டில் வைப்பதில்லையா, அதே ஏற்பாடுதான். அடிக்கடி கை படும் டேட்டா எஸ்எஸ்டியில். மற்றது ஹார்டு டிஸ்க்கில். எது எங்கே என்று பெட்டியே கணக்குப் பார்த்து, ஆளில்லாத நேரத்தில் இடம் மாற்றிக்கொள்ளும். அந்த நேரத்தை ராத்திரி இரண்டு மணி என்று குறித்தேன்.

ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பெட்டியின் ஸ்விட்சை அணைப்பவனும் நானே. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் கட்டணம் எகிறிவிடும் என்ற பயம். ஆக, அந்த டியரிங் ஒரு நாளும் ஓடவில்லை. பெட்டியின் பதிவைத் திறந்து பார்த்தால் 'தவறிய பணி' என்று வரிசையாக நின்றது.

வேகமும் இல்லை. மச்சினன் கல்யாண வீடியோவை ஏற்றினால் நொடிக்கு 11 எம்பி. எஸ்எஸ்டியைச் சந்தேகித்தேன், ரூட்டரை வைதேன். கடைசியில் குற்றவாளி கேபிள். ஆள் கூலியை மிச்சம் பிடிக்க நானே கிரிம்ப் செய்தது. எட்டுக் கம்பியில் நாலு போதும் என்று எப்போதோ கேட்ட ஞானம். அது 100 எம்பிபிஎஸ்ஸுக்குத்தான் சரி, கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நறுக்கிவிட்ட நீலமும் பழுப்பும் பிளக்குக்கு வெளியே மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. மாற்றியதும் 110 எம்பி வந்தது. குதிக்கப் போனவன் நின்றேன்: கிகாபிட்டின் உச்சமே ஏறக்குறைய அவ்வளவுதான். பெரிய வீடியோவுக்கு அந்த வேகத்தைச் சாதா ஹார்டு டிஸ்க்கே தந்துவிடும். எஸ்எஸ்டி எதற்கு?

இதைவிட மோசம் ஒன்று. இடம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று இரண்டு எஸ்எஸ்டியையும் ரெய்டு 0வில் கோர்த்திருந்தேன். நகல் மட்டும் வைக்கும் கேஷாக, அதுவும் படிக்க மட்டும் வைத்திருந்தால், எஸ்எஸ்டி செத்தாலும் டேட்டா டிஸ்க்கில் பத்திரம். டியரிங்கில் எஸ்எஸ்டியும், எல்லா டிஸ்க்கும் சேர்ந்த பூலின் ஒரு பாகம். அதில் ஒன்று போனால் மொத்தப் பூலும் போகும். இது உறைத்த அன்றே போட்டோக்களை மட்டும் பழைய போர்ட்டபிள் டிஸ்க்கில் இறக்கினேன். அது பீரோவில், புடவைக்கு அடியில் இருக்கிறது.

"ஏங்க, தம்பி கல்யாண வீடியோவ ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க, டிவியில பாக்கணும்" என்றாள் மனைவி. போட்டுக் கொடுத்தேன்.

பூலைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அதற்கு முன் எல்லா டேட்டாவையும் வேறெங்காவது எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவு பெரிய டிஸ்க்குக்கு விலை விசாரித்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.