கட்டைவிரல் கொடுத்த காற்று

1990 ஆனியில் இலங்கையில் சண்டை மறுபடி தொடங்கியதும் வடக்குக்கு வரக்கூடாத சாமான்களின் பட்டியலில் பெற்றோலும் டீசலும் ஏறின. மண்ணெண்ணெய் மட்டும் சங்கக்கடையில் குடும்ப அட்டைக்கு அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. வன்னியில் ஓடிய மோட்டார் சைக்கிள், இறைப்பு மெசின், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார் எல்லாம் அந்த மண்ணெண்ணெயைக் குடிக்கப் பழகின. பெற்றோல் மருந்தைப் போல விற்கப்பட்டது. போத்தலில் வாங்கி, மூடியை இறுக்கி, வீட்டில் பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில் வைப்பார்கள். அதன் வேலை ஒன்றே ஒன்றுதான், எஞ்சினை எழுப்பிவிடுவது. எழும்பிய பிறகு ஓடுவது மண்ணெண்ணெயில்.

எழுப்புவதுதான் பெரிய பாடு. பெற்றோல் சாதாரண வெயிலிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே ஏறத்தாழ 150 பாகை செல்சியசில். குளிர்ந்து கிடக்கும் சிலிண்டருக்குள் அது துளியாகப் போய், துளியாகவே சுவரில் ஒட்டி வழியும். பிளக் பொறி தட்டினாலும் பற்றிக்கொள்ள ஆவி இருக்காது. எண்ணெய் எரிய வேண்டுமானால் முதலில் அது உடைய வேண்டும். ஒரு மில்லிமீற்றர் துளியை நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் பத்து இலட்சம் துளிகள் வரும், காற்றுப் படும் பரப்பு நூறு மடங்காகும். எஞ்சின் வரலாற்றில் பாதி, இந்த உடைப்பை எப்படிச் செய்வது என்ற கேள்விக்குள் அடங்கும். அதை நான் புத்தகத்தில் படிக்குமுன் மல்லாவியில் ஒரு கொட்டிலில் பார்த்தேன்.

1996இல் கிளிநொச்சியிலும் பரந்தனிலும் இருந்த சனம் இடம்பெயர்ந்து மேற்கே போனபோது மல்லாவியும் ஸ்கந்தபுரமும் ஒரேயடியாகப் பட்டினங்களாயின. பாடசாலை, ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் மர நிழலிலும் தறப்பாளுக்குக் கீழும் நடந்தன. சந்தியிலிருந்து சற்று உள்ளே ஒரு கராஜ் இருந்தது. கிடுகு வேய்ந்த கொட்டில், மண் தரை, பாலைமரக் குற்றியில் பூட்டிய ஒரு வைஸ். அதை நடத்திய அண்ணையும் எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்தவர்தான். பாடசாலை முடிந்தால் நான் அங்கேதான் நிற்பேன்.

அவருடைய கையில் எப்போதும் ஒரு சூப்பி இருக்கும். கண்ணுக்கு மருந்து விடும் போத்தலைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்ரிக் போத்தல், மூடியில் துளையிட்டு இறுக்கிய, மை முடிந்த பேனைக் குழாய். ஹொண்டா எம்டி 90 ஒன்று வந்து நின்றால் முதலில் மண்ணெண்ணெய்த் தப்பை மூடுவார். காபரேற்றருக்குக் காற்றுப் போகும் றப்பர் வாயைக் கழற்றுவார். போத்தலைச் சரித்துப் பிடித்து ஒரு அமுக்கு, கிக்கரில் ஒரு உதை. எஞ்சின் இருமும். இன்னொரு அமுக்கு. இருமல் சீறலாக மாறும். பிறகு ஒரு தாளத்தில் அமுக்கிக்கொண்டே இருப்பார். மற்றக் கையால் சிலிண்டரின் செட்டைகளைத் தொட்டுப் பார்ப்பார். கை பொறுக்காத சூடு வந்ததும் மண்ணெண்ணெய்த் தப்பைத் திறப்பார். வெள்ளைப் புகை ஒரு பாட்டம் எழும்பி அடங்கும். அதன் பிறகு வண்டி ஊருக்குப் போகத் தயார்.

என்னிடம் ஒருநாள் போத்தலைத் தந்தார். நான் நிமிர்த்திப் பிடித்து அமுக்கினேன், பெற்றோல் ஒரு கோடாகப் பாய்ந்து பிளக் நனைந்தது. "அரைவாசிதான் நிரப்ப வேணும் தம்பி, மிச்சம் காத்து. போத்தலைச் சரிச்சுப் பிடி. குழாயுக்குள்ள காத்தும் பெற்றோலும் சேர்ந்து வரவேணும். தனிப் பெற்றோல் விழுந்தா தண்ணி ஊத்தின மாதிரித்தான்" என்றார். சரித்துப் பிடித்தபோது குழாயின் நுனியில் கோடு இல்லை, புகார். பெற்றோலைக் கிழித்தது அதனோடு நெருக்கி வந்த காற்று. பெற்றோலை மிச்சம் பிடிக்கவும் அதுவே வழி. ஒரு சூப்பிப் பெற்றோல் சரியான கையில் ஒரு கிழமைக்குக் காணும்.

ருடோல்ப் டீசல் ஜெர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரத் தொழிற்சாலையில் பட்டபாடும் இதே பாடுதான் என்று பின்னால் படித்தபோது, எனக்கு அந்தக் கொட்டிலின் மணம் மூக்கில் வந்தது. டீசலின் எஞ்சினில் பிளக் இல்லை. காற்றை 30 வளிமண்டலத்துக்கு மேல் நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்க வேண்டும். அவ்வளவு நெருக்கத்துக்குள் எண்ணெயை எப்படிப் புகுத்துவது, புகுத்தினாலும் எப்படி உடைப்பது? 1893இல் தொடங்கிய முயற்சிகளில் எண்ணெயை நேரே தள்ளிப் பார்த்துச் சரிவரவில்லை. கடைசியில் அவர் பிடித்த வழி, சிலிண்டருக்குள் இருப்பதைவிடக் கூடிய அழுத்தத்தில் காற்றைத் தனியாக நெருக்கிப் போத்தலில் அடைத்து வைப்பது. ஊசி தூக்கியதும் அந்தக் காற்று பாய்ந்து, துளைத் தட்டுகளுக்கிடையே காத்திருக்கும் எண்ணெயை அள்ளிக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். 1897 மாசி 17ஆம் திகதி பேராசிரியர் மோரிற்ஸ் ஷ்ரோற்றர் அந்த எஞ்சினை அளந்தார். நிமிடத்துக்கு 154 சுற்று, 17.8 குதிரைவலு, எண்ணெயில் இருந்த சக்தியில் 26.2 வீதம் வேலையாக வெளிவந்தது. அந்நாளைய நல்ல நீராவி எஞ்சின்கள் இதன் பாதியை எட்டவே சிரமப்பட்டன.

அந்தக் காற்றுக்கு விலை இருந்தது. பல படிகளில் நெருக்கும் கொம்பிறசர், ஒவ்வொரு படிக்கும் குளிராக்கி, இரும்புப் போத்தல்கள். எஞ்சின் பிறப்பித்த வலுவில் ஒரு பங்கை அந்தக் கொம்பிறசரே தின்றது. பாரமும் அப்படி. கப்பலிலும் மின்நிலையத்திலும் வைக்கலாம், 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் அப்படித்தான் கடலோடியது. உழவு இயந்திரத்திலோ லொறியிலோ வைக்க முடியாது. டீசல் எஞ்சின் வயலுக்கு வர வேண்டுமானால் காற்றுப் போத்தல் தொலைய வேண்டியிருந்தது. 1910இல் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கொம்பனி எண்ணெயை மட்டும் பெரிய அழுத்தத்தில் தள்ளும் முறையை நீர்மூழ்கிகளுக்காகச் செய்தது. 1927இல் ரொபேட் பொஷ் கொம்பனியின் பம்ப் பெருந்தொகையாக வெளிவந்தது. அந்தப் பம்பின் வழிவந்ததுதான் இரணைமடுவின் கீழ் எங்கள் வயலில் ஓடிய லான்ட்மாஸ்ரரில் இருந்ததும். காற்று இல்லாமல், வெறும் நெருக்கத்தாலேயே எண்ணெய் உடைந்தது.

அதாவது உலகம் எழுபது வருசத்துக்கு முன் கைவிட்ட வழியை, தடை எங்களைக் கட்டைவிரலால் திரும்பச் செய்ய வைத்தது. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் அதற்குள் இருந்த இழப்பையும் சொல்ல வேண்டும். உடையாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். அந்த ஒயிலுக்கு வழுக்கு இருக்காது, பிஸ்ரன் வளையம் தேயும். மண்ணெண்ணெய் முட்டித் தட்டும் என்பதால் தலைக்குக் கீழே இன்னொரு கஸ்கற் போட்டு நெருக்கத்தைக் குறைப்பார்கள், அதோடு வலுவும் குறையும். ஒட்டுசுட்டான் றோட்டில் நோயாளியை ஏற்றிக்கொண்டு போன வண்டிகள் ஏற்றத்தில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். புகையைக் குடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் சைக்கிளில் போனவர்களின் நெஞ்சை யாரும் அளக்கவில்லை.

2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. பவுசர்கள் வந்தன. கொஞ்ச நாளிலேயே சூப்பிகள் கொட்டில்களில் இருந்து காணாமற் போயின. பெற்றோல் இருக்கும்போது யார் போத்தலை அமுக்கிக்கொண்டு நிற்பார்கள்? அதில் எனக்கு வருத்தமில்லை. பிறகு வந்த 2008, 2009 போரைப் பற்றி இந்த இடத்தில் எழுதப்போவதில்லை. அந்தக் கராஜும் வைஸும் எங்கே கிடந்து துருப்பிடித்தன என்று எனக்குத் தெரியாது. அண்ணை உயிரோடு மீண்டார். இப்போது விசுவமடுப் பக்கம் மகனின் கடையில் உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கடையில் இன்றைக்கு நொசில் பார்க்கும் கைப்பம்ப் ஒன்று இருக்கிறது. உழவு இயந்திரத்தின் நொசிலைப் பூட்டி நெம்பை அழுத்தினால், நல்ல நொசில் கிர்ரென்று அதிர்ந்து புகார் கக்கும். கெட்டது சத்தமில்லாமல் சொட்டும். புகாருக்கு முன்னால் கையை நீட்டக்கூடாது, அது தோலைத் துளைத்து இரத்தத்துக்குள் போகும். மகனுக்குக் காதாலேயே நொசிலின் குணம் தெரியும். ஆனால் இப்போது ஓடும் டபுள்கப் வண்டிகளின் கொமன் றெயில் என்ற பொதுக்குழாய் எஞ்சின்களுக்கு அந்தக் காது போதாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பார் அழுத்தம், எப்போது எவ்வளவு திறப்பது என்று சொல்லும் கொம்பியூட்டர். ஒரு தூசு போனாலே இஞ்செக்டர் முடிந்தது. மகன் அதைக் கழற்றிப் பொதி பண்ணி யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்புகிறார். எண்ணெய் இவ்வளவு நுணுக்கமாக உடைந்த காலம் முன்பு இருந்ததில்லை, அதை உடைக்கிற இடத்துக்கு ஊர்க் கை இவ்வளவு எட்டாமற் போன காலமும் இருந்ததில்லை.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது அது உறைத்தது. ஆனி மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அந்த விலைக்கும் இல்லை. பிறகு கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வரிசையில் நின்ற நடுத்தர வயதுக்காரர் எல்லோருக்கும் பழைய வித்தை ஞாபகம் வந்தது. சிலர் வீட்டு மூலையில் கிடந்த பழைய வண்டியைத் தட்டித் துடைத்தார்கள். இந்த முறை மண்ணெண்ணெயும் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்களை வைத்திருந்த கடற்றொழிலாளர் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. இஞ்செக்டர் வைத்த புது மோட்டார் சைக்கிள் வைத்திருந்த இளைஞர்களுக்கோ மண்ணெண்ணெய் கிடைத்திருந்தாலும் பயனில்லை. சென்சரும் கொம்பியூட்டரும் பெற்றோலுக்கென்று அளந்து வைத்த கணக்கு அது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறிடத்தில் இருக்கிறது. கைவிட்ட காற்றை உலகம் திரும்ப எடுத்துக்கொண்டது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரால்ப் சாரிச் தொடங்கிய ஓர்பிட்டல் கொம்பனி, ஏறத்தாழ 6 பார் அழுத்தக் காற்றோடு பெற்றோலைச் சேர்த்து நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் முறையை உருவாக்கியது. துளி ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவு. 1990களின் பிற்பகுதியில் மேர்க்குரியின் படகு எஞ்சின்களில் அது வந்தது, பிறகு இந்தியாவில் பஜாஜின் இரட்டை அடி ஓட்டோவிலும். அதைவிட முக்கியம், அந்தக் கொம்பனி ஸ்கான் ஈகிள் என்ற ஆளில்லா விமானத்துக்குச் செய்த எஞ்சின். கப்பலில் பெற்றோல் வைத்திருப்பது தீ ஆபத்து. அதனால் மண்ணெண்ணெய் இனத்து விமான எரிபொருளைப் பிளக் வைத்த சின்ன எஞ்சினில் எரிக்க வேண்டியிருந்தது. குளிர்ந்த எஞ்சின், ஆவியாகாத எண்ணெய், ஒரு பொறி. மல்லாவியில் அண்ணைக்கு இருந்த அதே கணக்கு. விடையும் அதே விடை, காற்றைச் சேர்த்துக் கிழி. தலைக்கு மேல் வண்டு என்று நாங்கள் அழைத்த ஆளில்லா வேவு விமானம் இரைந்த நாட்களில் கீழே நாங்கள் போத்தலை அமுக்கிக்கொண்டிருந்தோம்.

என் பெறாமகன் கிளிநொச்சி அறிவியல் நகரில், 2016இல் திறந்த இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறான். போன மாதம் அவனை அண்ணையிடம் கூட்டிக்கொண்டு போனேன். மகனின் கடையில் கிடந்த ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் நிரப்பிச் சரித்துப் பிடித்து, கறுப்புத் தகரத்தின் மேல் தெளித்துக் காட்டினார். பெறாமகன் கைபேசியில் படம் பிடித்துப் பெருப்பித்துத் துளிகளைப் பார்த்தான். "சித்தப்பா, இது ரெண்டு திரவம் கலந்த தெளிப்பு, எங்களுக்குப் பாடத்தில வருது" என்றான். "திரவம் ரெண்டில்ல, ஒண்டு காத்து" என்று அண்ணை திருத்தினார். பொறியியலில் காற்றையும் பாய்பொருள் என்றே எண்ணுவார்கள் என்று அவன் விளக்க, அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் பிறகு கேட்டவை நல்ல கேள்விகள். இரண்டாவது கஸ்கற் எவ்வளவு தடிப்பு? மண்ணெண்ணெய்க்கு ஜெற் துளையைப் பெருப்பித்தீர்களா? ஒயிலை எத்தனை மைலுக்கு ஒருக்கால் மாற்றினீர்கள்? சிலதுக்கு அண்ணையிடம் பதில் இருந்தது, சிலதுக்கு "அது முள்ளியவளையில இருந்த ஒருத்தருக்குத்தான் தெரியும்" என்றார். எங்கள் பிரதேசம் பத்து வருசத்துக்கு மேலாக நடத்திய இந்தப் பரிசோதனைக்கு ஒரு பக்கக் குறிப்பாவது எங்கேயும் எழுதி வைக்கப்பட்டதை நான் காணவில்லை. அதைச் செய்தவர்களுக்கு இப்போது அறுபதும் எழுபதும் வயது. காலபோக வெட்டு முடிந்ததும் பெறாமகனும் நானும் முதலில் முள்ளியவளைக்கும், அங்கிருந்து மல்லாவிக்கும் போவதாக இருக்கிறோம். கஸ்கற் தடிப்பை அளக்க அவன் ஒரு வேர்ணியர் கருவி இரவல் வாங்கி வைத்திருக்கிறான்.