எனக்கும் அனுப்புங்க

நேற்று இரவு பத்தரை மணிக்கு எங்கள் ஆய்வாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு புத்தகத்தின் பெயரைப் போட்டு, “பி.டி.எஃப். இருக்கா?” என்று கேட்டார். அந்தப் புத்தகம் எங்கள் கல்லூரி நூலகத்தில் மூன்று படிகள் இருக்கிறது. கேட்டவரும் எங்கள் கல்லூரிதான். அவருடைய துறைக்கும் நூலகத்துக்கும் நடுவே ஒரு வேப்பமரமும் ஒரு கேன்டீனும் மட்டுமே உள்ளன. கேன்டீன் வரைக்கும் தினமும் வருகிறார்.

“லைப்ரரியிலேயே மூணு காப்பி இருக்கு தம்பி, காலையில போய் எடுத்துக்குங்க” என்று பதில் போட்டேன். ஒரு கும்பிடு வந்தது. பின்னாலேயே, “பரவாயில்ல சார், பி.டி.எஃப். இருந்தா சொல்லுங்க.” அதற்குக் கீழே வரிசையாக எனக்கும், எனக்கும், எனக்கும்.

இந்தக் கோபம் ஆறுவதற்குள் கல்லூரி நூலகத்தை ஆய்வுக்குப் பயன்படுத்துவது எப்படி என்று உருப்படியாக நாலு வார்த்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் கஷ்டமில்லை, எளிய முறைதான். அதற்கு முன்னால் இந்த ‘எனக்கும்’காரர்களைப் பற்றிக் கொஞ்சம்.

‘எனக்கும்’ போடுகிறவருக்கு அது என்ன புத்தகம் என்று தெரியாது. பந்தியில் பக்கத்து இலையில் விழுந்தது தன் இலையிலும் விழ வேண்டும், அவ்வளவுதான். விலங்கியல் துறையில் நண்டைப் பற்றி ஆய்வு செய்கிறவர் சோழர் கல்வெட்டு நூலுக்கு ‘எனக்கும்’ போடுகிறார். இன்னொருவர், “எனக்கும் சார், தனியா அனுப்புங்க” என்கிறார். கல்வெட்டில் அப்படி என்ன ரகசியம்? வணிகவியல்காரர் ஒருவர், “என் தலைப்புக்குச் சம்பந்தமான பி.டி.எஃப். எல்லாம் அனுப்பவும்” என்று எழுதிவிட்டுத் தலைப்பைச் சொல்லாமலே தூங்கப் போய்விட்டார். காலையில் எழுந்து, ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமையே இல்லை என்று வருத்தப்பட்டார்.

கொடுப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். ஒருமுறை கேட்ட புத்தகத்துக்குப் பதிலாக அதே பெயரில் ஒரு நாவல் வந்தது. அதற்கும் முப்பது பேர் நன்றி சொன்னார்கள். இன்னொருமுறை வந்தது கல்யாணப் பத்திரிகை. அதைத் திறந்து பார்த்தவர்கள் யாருமில்லை என்பது முகூர்த்தம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அபூர்வமாகச் சரியான புத்தகமே வந்தால், அது யாரோ செல்பேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கோத்ததாக இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் ஒரு கட்டைவிரல். அந்த விரலை இனி நான் எந்தப் பஸ் நிலையத்தில் பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். முதல் அத்தியாயத்தில் நகத்தில் மருதாணி பளிச்சென்று இருக்கும். பின்னிணைப்பு வருவதற்குள் வளர்ந்த நகத்தின் நுனியில் ஒரு கீற்றுதான் மிச்சம். 112ஆம் பக்கத்திலிருந்து 127 வரை இருக்காது. நமக்கு வேண்டியது 118.

எல்லாவற்றுக்கும் சிகரம் போன மாதம் நடந்தது. கேட்கப்பட்ட புத்தகத்தின் ஆசிரியரே குழுவில் இருந்திருக்கிறார். பாவம், மூத்தவர். “அந்த நூலை எழுதியவன் நான்தான். விலை 250 ரூபாய். தங்களுக்கெல்லாம் அஞ்சல் செலவு இல்லாமல் அனுப்பி வைக்கிறேன்” என்று பணிவாக எழுதினார். உடனே ஒரு பூங்கொத்து. அடுத்து, “மிக்க மகிழ்ச்சி ஐயா! தங்கள் பணி சிறக்க வாழ்த்துகள்! பி.டி.எஃப். இருக்கா?” ஐயா வெளியேறிவிட்டார் என்று குழு நிர்வாகி ஒரு வரி போட்டார். அதற்கும் ஒருவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

என் மடிக்கணினியிலும் ‘படிக்க வேண்டியவை’ என்று ஒரு கோப்புறை இருக்கிறது. பக்கத்தில் ‘படிக்க வேண்டியவை புதிது’, ‘அவசரம்’, ‘மிக அவசரம்’. ‘மிக அவசரம்’ 2019இல் தொடங்கியது. அதற்குள் இப்போது போனால் வழி தெரியாமல் திரும்பி வரவேண்டியிருக்கும். ஆனால் நான் ‘எனக்கும்’ போடுவதில்லை. தனியாகத்தான் கேட்பேன்.

சரி, முறைக்கு வருகிறேன். நூலகத்துக்குள் நுழைந்ததும் தெரிந்துகொள்ள வேண்டியது எண். மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876இல் உலக அறிவையெல்லாம் பத்தாகப் பகுத்துத் தந்த எண்கள்தான் எங்கள் புத்தகங்களின் முதுகில் ஒட்டியிருக்கின்றன. அவருடைய நாட்டு இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820. சங்கப் பாட்டு தொடங்கி நேற்று வெளியான நாவல் வரை நம்முடைய அத்தனைக்கும் 894.811. மூன்று இலக்கம் போதாமல் புள்ளி வைத்து அதற்குப் பின்னால் ஒதுக்குப்புறமாக இடம் தந்திருக்கிறார்கள். என் ஆய்வு பழைய தமிழ் இதழ்களில் வந்த விளம்பரங்களைப் பற்றியது. விளம்பரம் 659.1இல் இருக்கும், இதழியல் 070இல் இருக்கும். ஒன்று மாடியில், ஒன்று கீழே. இரண்டு அலமாரிக்கும் பூட்டு.

இந்தப் பூட்டைப் பற்றிப் பேசாமல் முறையைச் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 12 அன்று எங்கள் நூலக வாசலில் எஸ்.ஆர்.ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறோம். சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போய், ஆள் நடமாட்டமே இல்லாத அந்த வேலை பிடிக்காமல் மறுபடி கணக்குச் சொல்லிக்கொடுக்கவே போகிறேன் என்று நின்றவர். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்ததில்தான் அவருடைய கோலன் பகுப்புமுறைக்குப் பொறி கிடைத்தது. 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே புத்தகம் இருப்பது பயன்படத்தான், பூட்டி வைக்க அல்ல என்கிறது. நான்காவது விதி, வருகிறவனின் நேரத்தை வீணாக்காதே என்பது. அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் நான் சாவிக்காகக் காத்திருப்பேன். சாவி உதவியாளரிடம், உதவியாளர் டீக்கடையில்.

நூலகர் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருஷக் கடைசியில் இருப்புச் சரிபார்க்க வருவார்கள். ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்க யாரும் வருவதில்லை. அப்படியென்றால் யாரும் தொடாத புத்தகம்தானே பத்திரமான புத்தகம்? அவரிடத்தில் நான் இருந்தால் இரண்டு பூட்டுப் போட்டிருப்பேன்.

மின்வளங்களுக்குப் பூட்டில்லை, கடவுச்சொல் இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காகவே என்-லிஸ்ட் என்று ஒன்றை நடத்துகிறது, ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் அதில் உண்டு. அதன் கடவுச்சொல் கல்லூரி தந்த மின்னஞ்சலுக்கு வரும். கல்லூரி மின்னஞ்சலின் கடவுச்சொல் கணினித் துறையில் ஒருவரிடம் இருக்கிறது. அவர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2025 ஜனவரியிலிருந்து ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிட்டார்கள். முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு. எங்களுடையது தனியார் கல்லூரி. நாடு ஒன்றுதான், நாங்கள் அடுத்த கட்டம். ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் பிறர் ஆய்வேடுகள் முழுசாகக் கிடைக்கும். அங்கே போகிறவர்கள் பார்த்தெழுதுவதற்காக நேராக, முன்னாய்வுகளைத் தொகுக்கும் இரண்டாம் இயலுக்குத்தான் போகிறார்கள். பத்து சதவீத ஒப்புமை வரை தண்டனை இல்லை என்று 2018இல் யு.ஜி.சி. சொன்னாலும் சொன்னது, அந்தப் பத்தைச் சட்டம் வழங்கிய உரிமையாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு வேண்டிய பழைய இதழ்களுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒரு தனி மனிதர் தேடித் தேடிச் சேர்த்தது. அங்கே போய் வர என் நெறியாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றேன். “எதுக்கு அவ்வளவு தூரம்? குரூப்ல கேட்டுப் பாருங்களேன்” என்றார்.

இந்த முறைகளையெல்லாம் சொல்லித்தரத்தான் சென்ற வாரம் கல்லூரியில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, அந்தப் பரிசு கொடுக்கப்படுவதைப் படமெடுக்க இரண்டாம் தடவை கொடுத்தது எல்லாம் ஆகி, சிறப்பு விருந்தினர் தேடுபொறி ஒன்றைத் திறக்கும்போது சாப்பாட்டு மணி. மதியம் வைஃபை வரவில்லை. நேரமின்மை காரணமாகச் செய்முறை நடக்காது என்று அறிவித்துவிட்டு, பின்னூட்டம் நிரப்பினால்தான் சான்றிதழ் என்றார்கள். படிவத்தில் மூன்றே கட்டங்கள்: சிறப்பு, மிகச் சிறப்பு, மிக மிகச் சிறப்பு. நான் வெறும் ‘சிறப்பு’ போட்டேன். அன்றிலிருந்து ஒருங்கிணைப்பாளர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.